வார்சா மதிலின் இருபுறமும்

போலந்து நாட்டுக்குத் திருப்பயணம் செல்லும் நம்மவர் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் செல்கின்றனர். செஸ்டகோவாவில் கருநிற அன்னையின் திருப்படம், வாதோவிச்சேயில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் பிறந்த இல்லம், கிராக்கோவில் இறை இரக்கத் திருத்தலம், அவுஷ்விட்சில் புனித மாக்சிமிலியன் கோல்பே பட்டினியால் சாகும்படி அடைக்கப்பட்ட நிலவறை. தலைநகராகிய வார்சாவுக்கு மிஞ்சுவது விமானம் ஏறுவதற்கு முந்திய அரை நாள் மட்டுமே. அந்த அரை நாளிலும் அருளாளர் பொப்பியெலுஸ்கோவின் கல்லறையைக் கண்டு, பழைய நகரின் வண்ண வீடுகளின்முன் நின்று படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். எங்கள் குழுவினரிடம் நான் இரண்டு முழு நாள்களைக் கேட்டுப் பெற்றுக்கொண்டேன். அந்நகரின் நடுவே ஒரு மதில் இருந்தது. அது இருந்த இடத்தைக் காண வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆவல்.

மதில் இன்று ஏறத்தாழ இல்லை. சியென்னா தெருவில் குடியிருப்பு வீடுகளின் உள்முற்றத்தில் செங்கற்சுவரின் ஒரு துண்டு நிற்கிறது. மற்ற இடங்களில் நடைபாதையிலும் சாலையிலும் இரும்புப் பட்டை ஒன்றைப் பதித்து, கெட்டோ மதில், 1940 - 1943 என்று பொறித்திருக்கிறார்கள். அலுவலகம் செல்வோர் அதை மிதித்துக் கடக்கின்றனர். குழந்தைகள் அதன்மேல் கால் வைத்து நடந்து விளையாடுகின்றனர்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் வார்சாவில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்தனர். நகர மக்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் யூதர். 1939இல் நகரைக் கைப்பற்றிய ஜெர்மானிய நாஜிகள், 1940 நவம்பரில் அவர்களையெல்லாம் ஒரு மூலையில் அடைத்து, மூன்று மீட்டர் உயர மதிலை எழுப்பி, அதன்மேல் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து வாயில்களை மூடினர். இவ்வாறு அடைக்கப்பட்ட பகுதியையே கெட்டோ என்றார்கள். சுற்றூர்களிலிருந்தும் மக்களைக் கொண்டுவந்து தள்ளியதால், மூன்றரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் நெருக்குண்டு கிடந்தனர். பங்கீட்டு அட்டைக்குக் கிடைத்த உணவு நாளொன்றுக்கு 200 கலோரிக்கும் குறைவு. 1942ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 83,000 பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். சுவரின் அடியில் இருந்த வடிகால் துளைகள் வழியே நுழைந்து ரொட்டியும் உருளைக்கிழங்கும் கடத்தி வந்தவர்கள் ஆறு, ஏழு வயதுச் சிறுவர் சிறுமியர். அகப்பட்டால் சுடப்படுவோம் என்று தெரிந்தே அவர்கள் சென்றனர்.

கிஷிபோவ்ஸ்கி சதுக்கத்தில் இரட்டைக் கோபுரங்களோடு உயர்ந்து நிற்கும் சகல புனிதர் ஆலயத்தைக் கண்டதும் எங்கள் குழுவினர் உள்ளே சென்று முழந்தாளிட்டனர். அந்த ஆலயம் மதிலுக்கு உள்ளே இருந்த ஆலயம் என்று சொன்னபோது வியந்தனர். நாஜிகளின் சட்டப்படி ஒருவர் யூதரா அல்லரா என்பதைத் தீர்மானித்தது பாட்டன் பாட்டியின் குருதி. ஆகவே திருமுழுக்குப் பெற்றுப் பல்லாண்டுகளாகக் கத்தோலிக்கராக வாழ்ந்தவர்களும் பிறப்பால் யூதராயிருந்தால் மதிலுக்குள் தள்ளப்பட்டனர். அவர்கள் கையில் நீல நட்சத்திரம் பொறித்த வெள்ளைப் பட்டையைக் கட்டிக்கொண்டு இந்த ஆலயத்தில் திருப்பலி கண்டனர். நம் ஆண்டவரும் அவருடைய அன்னையும் பன்னிரு திருத்தூதரும் அந்நாளில் வார்சாவில் இருந்திருந்தால் அந்தப் பட்டையைத்தான் கட்டியிருப்பார்கள். இதை அங்கே நின்று எண்ணிப் பார்ப்பது வேறு, இங்கே நூலில் படிப்பது வேறு.

அங்கே பங்குத் தந்தையாக இருந்தவர் மார்செலி கொட்லெவ்ஸ்கி. 1865இல் பிறந்த முதியவர். போருக்கு முன் அவர் யூதர்களின் நண்பரல்லர். யூதர் கடைகளுக்கு எதிரான இயக்கங்களில் ஈடுபாடு காட்டியவர் என்றே அறியப்பட்டிருந்தார். அப்படிப்பட்டவர், தம் பங்கைச் சுற்றி மதில் எழுந்தபோது வேறொரு மனிதரானார். மதிலை ஒட்டியிருந்த குருமனை வழியே குழந்தைகள் வெளியேற உதவினார். இறந்துபோன கிறிஸ்தவர்களின் திருமுழுக்குச் சான்றிதழ்கள் உயிரோடிருந்த யூதர்களுக்குக் கிடைக்கும்படி செய்தார். நகருக்கு வெளியே ஆனின் என்னும் இடத்தில் தாம் நிறுவியிருந்த இல்லத்தில் அருட்சகோதரிகளின் பாதுகாப்பில் யூதக் குழந்தைகள் ஒளித்துவைக்கப்பட்டனர். புகழ்பெற்ற நுண்ணுயிரியல் அறிஞர் லுத்விக் ஹிர்ஷ்ஃபெல்ட் தம் குடும்பத்தோடு அந்தக் குருமனையில் தங்கியிருந்தார். தம் வாழ்க்கை வரலாற்றில் அந்தக் குருவை நெஞ்சு நெகிழ நினைவுகூர்ந்திருக்கிறார். 2009இல் இஸ்ரயேல் நாட்டு யாத் வாஷெம் நினைவகம், யூதரைக் காத்த பிற இனத்தாருக்கு அளிக்கும் நேர்மையாளர் என்னும் பட்டத்தை அவருக்கு வழங்கியது.

மனம் மாறியதற்கு அவரே எழுதிவைத்த விளக்கம் எதையும் நான் படித்ததில்லை. கருத்துகள் மாறிய பிறகுதான் செயல் மாறியதா, அல்லது பசித்த குழந்தை கதவைத் தட்டியதால் செயல் முதலில் மாறியதா? குருவாயிருக்கும் எனக்கு இரண்டாவதே நிகழ்ந்திருக்கும் என்று தோன்றுகிறது.

அங்கிருந்து வடக்கே நடந்தால் நோவோலிப்கி தெரு. அங்கே புனித அகுஸ்தீனார் ஆலயம் தன் ஒற்றைக் கோபுரத்தோடு நிற்கிறது. போரின் முடிவில் எடுத்த புகைப்படம் ஒன்றைப் பலர் பார்த்திருக்கலாம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை செங்கற்குவியல். நடுவே ஓர் ஆலயம் மட்டும் தனியே. அதுதான் இது. நாஜிகள் கெட்டோவைத் தரைமட்டமாக்கியபோது இந்த ஆலயத்தைப் பண்டகசாலையாகப் பயன்படுத்தி வந்ததால் விட்டுவைத்தனர்.

இதே தெருவில், அந்நாளில் 68ஆம் எண் கொண்ட ஒரு பள்ளிக் கட்டடத்தின் நிலவறையில், கோபுரத்தைவிடப் பெரியதொன்று காப்பாற்றப்பட்டது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

எமனுவேல் ரிங்கல்பிளம் ஒரு வரலாற்று ஆசிரியர். கெட்டோவுக்குள் அறுபது பேரளவில் ஒரு குழுவைத் திரட்டினார். ஓய்வுநாளாகிய சனிக்கிழமையில் இரகசியமாகக் கூடியதால், ஓய்வுநாளின் மகிழ்ச்சி என்று பொருள்படும் ஓனெக் ஷபாத் என்பதே அக்குழுவின் பெயராயிற்று. ஆசிரியர், எழுத்தாளர், வணிகர், யூத குரு ஆகிய பலரும் அதில் இருந்தனர். கண்டதையெல்லாம் எழுதுவதும் கிடைத்ததையெல்லாம் சேர்ப்பதும் அவர்கள் பணி. நாட்குறிப்புகள், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகள், பங்கீட்டு அட்டைகள், மிட்டாய்த் தாள்கள், டிராம் வண்டிச் சீட்டுகள், கஞ்சித்தொட்டியில் வரிசையில் நின்றவர்களின் பேச்சு, கொலை முகாமிலிருந்து தப்பி வந்தவர்களின் வாக்குமூலம். தம் இனத்தாரில் சிலர் செய்த இழிசெயல்களையும் விடாமல் எழுதினர். கையூட்டு வாங்கிய யூதக் காவலர்களையும், ஏழைகள் சாகையில் விருந்துண்ட பணக்காரர்களையும் மறைக்கவில்லை. கொன்றவர்கள் எழுதிவைக்கும் வரலாறே நாளைக்கு உலகில் மிஞ்சும்; அதைப் பொய்யாக்க நம் சொல் பிழைக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணினர். பொய்யை வெல்லப் புகழ்ச்சி உதவாது, முழு உண்மையே உதவும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1942 ஆகஸ்டில், தெருத்தெருவாக ஆள்பிடித்துக்கொண்டிருந்த நாள்களில், ஒரு ஆசிரியரும் இரு இளைஞர்களும் அத்தாள்களைப் பத்துத் தகரப் பெட்டிகளில் அடைத்து நிலவறையில் புதைத்தனர். இளைஞர்களுக்கு வயது பதினெட்டும் பத்தொன்பதும். அவர்களும் தங்கள் கடைசி விருப்பத்தை எழுதி அதனுள் வைத்தனர். தாங்கள் உயிர்வாழ மாட்டோம் என்பதை உணர்ந்திருந்த அவர்கள் கேட்டதெல்லாம் உலகம் இதை ஒரு நாள் படிக்க வேண்டும் என்பதே. 1943 பிப்ரவரியில் இன்னொரு பகுதி, பால் ஊற்றும் இரண்டு பெரிய கேன்களில் அடைக்கப்பட்டு அதே இடத்தில் புதைக்கப்பட்டது. குழுவில் போருக்குப் பின் உயிரோடிருந்தவர் மூவர் மட்டுமே. அவர்கள் காட்டிய இடத்தில் தோண்டி, 1946 செப்டம்பரில் தகரப் பெட்டிகளை எடுத்தனர். நீர் புகுந்து பல தாள்கள் ஊறிப்போயிருந்தன. பால் கேன்கள் 1950 டிசம்பரில் கட்டட வேலையின்போது கிடைத்தன. மொத்தம் ஏறத்தாழ 35,000 பக்கங்கள். 1999இல் யுனெஸ்கோ நிறுவனம் அதை உலக நினைவுப் பெட்டகங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ஒரு பால் கேனை யூத வரலாற்று நிறுவனத்தில் வைத்திருக்கிறார்கள். துருப்பிடித்து, நம் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் வரிசையாக நிற்பவற்றைப் போலவே இருக்கிறது. அதன்முன் எங்கள் குழுவில் ஒருவரும் பேசவில்லை. அந்தக் கட்டடத்தின் முன்கூடத் தரையில் இன்னும் தீக்கறை தெரிகிறது. பக்கத்தில் இருந்த பெரிய யூதத் தொழுகைக்கூடத்தை 1943 மே 16 அன்று நாஜித் தளபதி வெடிவைத்துத் தகர்த்தபோது பிடித்த தீ அது.

புதைந்து கிடந்தவற்றுள் ஒரு யூத குருவின் மறையுரைகளும் உண்டு. மறையுரை ஆற்றுவதே தொழிலாகக் கொண்ட நான் அவரைக் கடந்துசெல்ல இயலவில்லை. அவர் பெயர் கலோனிமஸ் ஷப்பிரா. 1939 செப்டம்பர் குண்டுவீச்சில் அவருடைய ஒரே மகன் படுகாயமுற்று இறந்தார். அதன் பின்னும் ஓய்வுநாள்தோறும் தம் மக்களைக் கூட்டி, அந்த வாரத்துக்குரிய திருநூல் பகுதியை எடுத்துப் பேசினார். 1942 கோடைவரை பேசினார். பேசியதை எழுதிவைத்தார். முன்னைய துன்பங்களிலிருந்து இது வேறல்ல என்று தொடக்கத்தில் தேற்றியவர், பின்னர் 1942 இறுதியில் தம் கையெழுத்துப் படியைத் திறந்து, இத்தகைய துன்பம் இதற்குமுன் நிகழ்ந்ததில்லை என்று ஒரு குறிப்பைச் சேர்த்தார். தாம் சொன்ன ஆறுதல் போதாது என்று கண்டபோது அதை மூடி மறைக்காமல் எழுதிவைத்த போதகர் அவர். 1943 நவம்பரில் அவரும் கொல்லப்பட்டார். திருப்பாடல்களை நாம் பாடுகிறோம்; அவற்றை இப்படி வாழ்ந்தவர்கள் அவற்றின் சொந்தக்காரர்கள்.

மதியத்துக்கு மேல் உம்ஷ்லாக்பிளாட்ஸ் என்னும் இடத்துக்குச் சென்றோம். சரக்கு ஏற்றும் இரயிலடி என்று பொருள். 1942 ஜூலை 22 முதல் செப்டம்பர்வரை ஏறத்தாழ 2,65,000 பேர் இங்கிருந்து சரக்கு வண்டிகளில் ஏற்றப்பட்டு, த்ரெப்ளிங்கா முகாமில் நச்சு வாயுவால் கொல்லப்பட்டனர். வெள்ளைக் கற்சுவர்கள் சூழ்ந்த நினைவிடத்தில் கொல்லப்பட்டவர்களின் முதற்பெயர்கள் மட்டும் அகர வரிசையில் செதுக்கப்பட்டுள்ளன. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1999இல் இங்கே நின்று செபித்தார்.

இங்கேதான் எங்களோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் பக்கம் திரும்பி, "சாமி, இத்தனை இலட்சம் பேர் ஏன் எதிர்த்து நிற்காமல் போனார்கள்? ஆடு மாடு போலவா போனார்கள்?" என்று கேட்டார். கொடிய கேள்வி, ஆனால் பலர் மனத்தில் எழும் கேள்வி.

அதற்கு விடை சொல்லும் தகுதி எனக்கில்லை. தகுதியுள்ள ஒருவர் சொல்லியிருக்கிறார். கெட்டோவில் ஆயுதமேந்திப் போரிட்ட தலைவர்களுள் ஒருவரான மாரெக் எதெல்மான், போருக்குப் பின் போலந்திலேயே தங்கி இதய மருத்துவராகப் பணியாற்றி 2009இல் மறைந்தார். துப்பாக்கியோடு இறப்பதே மேலானது என்று புகழ்ந்தவர்களிடம் அவர் சினங்கொண்டார். அமைதியாக அந்த வண்டியை நோக்கி நடந்தவர்களின் சாவு தங்கள் சாவைவிடக் கடினமானது, தாழ்ந்ததன்று என்பதே அவர் கருத்து. தாயை விட்டுத் தப்பியோட மறுத்து அவளோடு வண்டியேறிய மகளைக் கோழை என்பது யார்?

யானுஷ் கோர்ச்சாக்கைப் பற்றி ஆசிரியரிடம் சொன்னேன். மருத்துவர், குழந்தை எழுத்தாளர், வானொலியில் நாடறிந்த குரல். அநாதை இல்லத்தின் உருளைக்கிழங்கைப் பறித்தபோது நாஜி அலுவலகத்துக்கே சென்று, கைப்பட்டை அணியாமல் நின்று முறையிட்டுச் சிறை சென்றவர். மதிலுக்கு வெளியே அவரை ஒளித்துவைக்க நண்பர்கள் முன்வந்தனர், மறுத்தார். 1942 ஆகஸ்டுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 குழந்தைகளோடும், ஸ்தெபானியா வில்சின்ஸ்கா முதலிய உடனுழைப்பாளர்களோடும், தெரு வழியே வரிசையாக இவ்விடத்துக்கு நடந்து வந்தார். அவர் போயிராவிட்டாலும் குழந்தைகள் இறந்திருப்பார்கள். தனியே இறந்திருப்பார்கள். அந்த ஒரு வேறுபாட்டுக்காக அவர் உயிரைக் கொடுத்தார்.

எல்லாத் தேர்வுகளும் இவ்வளவு தெளிவானவையல்ல. யூதர் மன்றத்தின் தலைவராக நாஜிகள் அமர்த்தியிருந்த ஆதாம் செர்னியாகோவ், வெளியேற்றம் தொடங்கிய மறுநாள், ஜூலை 23 அன்று, நஞ்சருந்தி இறந்தார். அநாதைக் குழந்தைகளையாவது விட்டுவைக்க வேண்டிப் பார்த்தார், மறுக்கப்பட்டது. அவர் கையாலேயே குழந்தைகளை ஒப்புவிக்கச் சொன்னார்கள். அவர் மறுத்த வழி அது. வெளிப்படையாக எச்சரித்துவிட்டு இறந்திருக்கலாமே என்று அவர் மக்களுள்ளே குறைகூறியவர்கள் உண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் வூட்ஜ் நகரத்து மன்றத் தலைவர் ரும்கோவ்ஸ்கி, மற்றவர் பிழைக்கட்டும் என்று பெற்றோரிடம் பிள்ளைகளைக் கேட்டார். பிள்ளைகள் போனார்கள், பின்னர் அந்த மற்றவர்களுள் பெரும்பாலோரும் போனார்கள், ரும்கோவ்ஸ்கியும் போனார். குருமடத்து அறநெறி வகுப்பில் தற்கொலையைக் குறித்தும் தீமைக்கு உடந்தையாவதைக் குறித்தும் வரையறைகள் கற்றோம். அவை தேவையானவைதாம். ஆயினும் செர்னியாகோவின் முன் அவற்றைக் கொண்டு அளக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆயுதப் போர் இதற்குப் பின்னரே வந்தது. எஞ்சியிருந்தவர்கள் ஐம்பது, அறுபதாயிரம் பேர். வண்டிகள் எங்கே செல்கின்றன என்பது அவர்களுக்கு இப்போது உறுதியாகத் தெரியும். 1943 ஏப்ரல் 19 அன்று நாஜிப் படை உள்ளே நுழைந்தபோது, கைத்துப்பாக்கிகளும் எரிகுண்டுப் புட்டிகளும் ஏந்திய சில நூறு இளைஞர்களும் இளம்பெண்களும் எதிர்த்து நின்று அவர்களைப் பின்வாங்கச் செய்தனர். தலைவன் மொர்தெகாய் அனியலேவிச்சுக்கு வயது இருபத்துநான்கு. வெல்வோம் என்று எவரும் நம்பவில்லை. படை வீடு வீடாகத் தீவைத்துக்கொண்டு முன்னேறியது. மே 8 அன்று மீவா தெரு 18ஆம் எண் பதுங்குகுழி சூழப்பட்டது; அனியலேவிச்சும் தோழர்களும் அங்கே இறந்தனர். எதெல்மான் முதலிய சிலர் சாக்கடைக் குழாய்கள் வழியே தப்பினர். மீவா தெருவில் இடிபாட்டுக் கற்களால் ஆன சிறு மேடு இருக்கிறது. அதன் கீழேயே அவர்கள் உடல்கள்.

நாளைக் கவனியுங்கள். ஏப்ரல் 19 மாலை யூதர்களுக்குப் பாஸ்காத் திருவிழாத் தொடக்கம். நமக்கு அது புனித வாரத்தின் திங்கள். முந்தின நாள் குருத்து ஞாயிறு. ஏப்ரல் 25 உயிர்ப்பு ஞாயிறு. மதிலை ஒட்டி வெளியே இருந்த க்ரசின்ஸ்கி சதுக்கத்தில் திருவிழாக் குடைராட்டினம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்ததைக் கண்டவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். மதிலுக்குள் வீடுகள் எரிந்தன. வெளியே இசை ஒலித்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கவிஞர் செஸ்லாவ் மிவோஷ் அதைக் கண்டு 1943லேயே ஒரு கவிதை எழுதினார். உள்ளிருந்து அதைப் பார்த்ததாக எதெல்மானும் சொல்லியிருக்கிறார். அங்கே நின்றவர்களுள் அழுதவர்களும் இருந்தனர். ஆனால் திருமுழுக்குப் பெற்று, பாவசங்கீர்த்தனம் செய்து, அன்று காலை நற்கருணை உட்கொண்ட மக்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதை நாம் மறைப்பது தகாது.

அச்சம் உண்மையானது என்பதையும் சொல்லியாக வேண்டும். போலந்தில் யூதருக்கு அடைக்கலம் தந்தால் மரண தண்டனை. அதை அறிந்தும் கதவைத் திறந்தவர்கள் உண்டு. கத்தோலிக்க எழுத்தாளர் ஸோஃபியா கோஸ்ஸாக் 1942 ஆகஸ்டில் இரகசியத் துண்டறிக்கை வெளியிட்டார். கொலையைக் கண்டு பேசாதிருப்பவன் கொலைக்கு உடந்தை என்பது அதன் சாரம். அதே அறிக்கையில் யூதரைப் போலந்தின் பகைவர் என்றே குறித்திருந்தார். பழைய வெறுப்பின் சொல்லைக் கைவிடாமலே, உயிரைக் காக்கும் ஷெகோத்தா என்னும் இரகசிய அமைப்பு தோன்றக் காரணமாகவும் இருந்தார். பின்னர் அவுஷ்விட்சில் அடைக்கப்பட்டார். நகராட்சி நலத்துறையில் பணிபுரிந்த இரேனா செண்ட்லர், அவ்வமைப்பின் துணையோடு குழந்தைகளைக் கன்னியர் மடங்களிலும் குடும்பங்களிலும் மறைத்து, ஒரு நாள் அவர்களின் சொந்தப் பெயர் திரும்பக் கிடைக்கட்டும் என்று பட்டியல் எழுதிவைத்தார்.

வெறுப்பு மதிலோடு தொடங்கவில்லை. நூற்றாண்டுகளாக நம் மறையுரை மேடைகளிலும் அது பேசப்பட்டது. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரைக் குறித்திருந்த கடுஞ்சொல்லைத் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1959இல்தான் நீக்கினார். கிறிஸ்துவின் பாடுகளுக்காக அக்காலத்து யூதர் அனைவர்மீதும் இக்காலத்து யூதர்மீதும் வேறுபாடின்றிப் பழிசுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று அறிவித்தது. நம் ஊர்ப் பாஸ்கா நாடகங்களில் யூதர் எனும் பாத்திரங்களுக்கு இன்றும் எத்தகைய முகம் பூசுகிறோம் என்பதை நாடகம் போடுவோர் எண்ணிப் பார்க்கலாம்.

ரிங்கல்பிளமின் முடிவைச் சொல்லாமல் விட்டேன். அவரும் மனைவியும் மகனும் முப்பதுக்கும் மேற்பட்ட யூதர்களோடு, மதிலுக்கு வெளியே ஒரு தோட்டத்தின் பசுமைக்குடிலுக்கு அடியில் தோண்டிய குழியில் மறைந்திருந்தனர். அங்கும் எழுதிக்கொண்டிருந்தார். போலந்தியரும் யூதரும் போர்க்காலத்தில் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்தினர் என்பதே பொருள். காட்டிக் கொடுத்தவர்களையும் காத்தவர்களையும் அதில் குறித்தார். 1944 மார்ச்சில் மறைவிடம் வெளிப்பட்டது. அனைவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களைக் காத்து உணவளித்த தோட்டக்காரர் மியெசிஸ்வாவ் வோல்ஸ்கியும் அவர் சகோதரி மகனும் கத்தோலிக்கர், அவர்களும் கொல்லப்பட்டனர்.

அவர் குழுவினர் சேர்த்தவற்றில் மூன்றாம் பகுதியொன்று, போர் வெடிக்குமுன் 1943 ஏப்ரலில், மதிலை ஒட்டிய சுவியெந்தொயெர்ஸ்கா தெருவில் புதைக்கப்பட்டது என்பர். அவ்விடத்தில் இப்போது சீன நாட்டுத் தூதரகத்தின் தோட்டம் இருக்கிறது. 2003இல் அங்கே தோண்டிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. அந்தத் தூதரகத்தின் வெளிச்சுவரை ஒட்டி நாங்கள் நடந்தபோது மாலை ஆறு மணியிருக்கும். உள்ளே யாரோ புல்லுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.